கடைசி வரிசைக்குக் கேட்ட குரல்

(திருகோணமலையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியோர்களே, தம்பி தங்கச்சிமாரே, வணக்கம்.

சிவாஜி கணேசனை நான் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன். சின்ன வயதில், கோயில் திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கதைவசனம் போகும். கடல் காற்று சுழற்றி அடித்தால் பாதிப் பேச்சு தண்ணீருக்குப் போய்விடும். ஜாக்சன் துரை சொன்னதெல்லாம் காற்றோடு போக, கட்டபொம்மனின் பதில் மட்டும் ஒரு எழுத்து சிந்தாமல் எங்கள் பாய்க்கு வந்து சேரும். அந்த வித்தை என்னவென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இப்போது பொடியன்மார் அவரை 'ஓவர் ஆக்டிங்' என்கிறார்கள். சரி, அதையே எடுத்துப் பேசுவோம்.

1928 அக்டோபர் 1ஆம் திகதி பிறந்தவர். திருச்சியில் வளரும்போது கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துவிட்டு நடிப்புப் பித்துப் பிடித்து, சின்ன வயதிலேயே நாடகக் கம்பனிக்குப் போனவர். அந்தக் கால மேடையில் ஒலிவாங்கியை நம்ப முடியாது. கடைசி வரிசையில் நிலத்தில் குந்தியிருக்கிறவனுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும், புருவம் தெரிய வேண்டும். பெண் வேடமும் கட்டினார். நூர்ஜஹானாக அவர் நடித்ததைப் பார்த்த படத் தயாரிப்பாளர் பி. ஏ. பெருமாள்தான் பின்னால் 'பராசக்தி'க்கு இவர்தான் வேண்டும் என்று நின்றார். 'சிவாஜி' என்ற பெயரும் மேடை தந்ததே. அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னனாக வந்தவரைப் பெரியார் அப்படி அழைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' வந்தது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

கிழக்கு மாகாணத்து ஆட்கள் நாம் இதை ஓவர் என்று சொல்வதுதான் எனக்கு வேடிக்கை. நம் வடமோடிக் கூத்தில் ராசா, கரப்புடுப்பு என்ற விரிந்த உடுப்போடு, களரி என்ற கூத்து மேடைக்குள் வரும்போது அளவாகவா வருகிறான்? மத்தளமும் சல்லரித் தாளமும் முழங்க, வரவு என்ற நுழைவாட்டத்தை ஆடி முடிக்கவே நேரம் போய்விடும். கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியார் என்னிடம் சொன்னார்: "தம்பி, ராசா எண்டால் ராசா மாதிரி வரவேணும். மெல்ல வந்தால் சனம் தேத்தண்ணி குடிக்கப் போயிடும்." சிவாஜியின் கட்டபொம்மனும் அந்தக் களரியில் பிறந்தவன்தான். படத்துக்கு முன்பே, 1957இலிருந்து, அதை நாடகமாக ஊர் ஊராகப் போட்டார். 1959இல் படமானது, 1960இல் கெய்ரோ ஆசிய ஆபிரிக்கப் படவிழாவில் அதற்குச் சிறந்த நடிகர் விருது. தமிழ் தெரியாத நடுவர்களுக்கும் அது விளங்கியிருக்கிறது.

பெரும் புகழ் வந்த பிறகும் அவர் மேடையை விடவில்லை. 'வியட்நாம் வீடு' முதலில் நாடகம், 1970இல்தான் படம். 'தங்கப்பதக்க'மும் மேடையிலிருந்து வந்ததுதான்.

ஆனால் குரலை உயர்த்தத் தெரிந்தவனுக்குத்தான் தாழ்த்தவும் தெரியும் என்பதை 1985இல் 'முதல் மரியாதை'யில் பாருங்கள். ராதாவின் குடிசையில் உட்கார்ந்து மீன் சாப்பிடுகிற இடம். மீன் தின்பதில் திருகோணமலைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது, ஆகவே நான் உன்னிப்பாகவே பார்த்தேன். வசனத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. விரல், உதடு, தாடை, அவ்வளவுதான். வீட்டில் வாய்க்கு ருசியாக ஒரு கவளம் கிடைக்காத மனுசன் என்பது அந்த மெல்லுதலிலேயே தெரிந்துவிடுகிறது. கட்டபொம்மனுக்கு முழங்கிய அதே தொண்டை!

எல்லாப் படத்தையும் தூக்கிப்பிடிக்க நான் வரவில்லை. எழுபதுகளின் கடைசியில் வந்தவற்றில் சிலதை நானே பாதியில் விட்டு எழும்பியிருக்கிறேன். 1978இல் நம் நாட்டில் எடுத்த 'பைலட் பிரேம்நாத்'தைப் பார்த்தது சிங்கள நடிகை மாலினி பொன்சேகா அவரோடு நடிக்கிறார் என்ற பெருமைக்காக. 2001 ஜூலை 21இல் அவர் காலமான செய்தி வந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் படங்கள் இல்லை, தென்னை மரத்துக் குழாய்தான்.

நேரமாகிறது. இப்போது 'நவராத்திரி'யிலிருந்து தெருக்கூத்துக் காட்சியைப் போடப் போகிறார்கள். 1964ஆம் ஆண்டுப் படம், ஒன்பது வேடம். சாவித்திரியும் கூட ஆடுகிறார். அண்ணாவியார்மார் இரண்டு பேர் முன்வரிசையில் இருக்கிறார்கள். கால் வைப்பில் பிழை இருந்தால் அவர்களே சொல்லட்டும். லைட்டை அணையுங்கள், தம்பி.