தரைக்கு மேல் நின்றவர்கள்

வணக்கம், நேயர்களே.

விமானத் தாக்குதலுக்கான சங்கு ஊதியதும் ஊரே நிலத்தடிக்கு ஓடும். காவலர் மட்டும் தெருவில் நிற்பார். நடக்க முடியாத கிழவரைக் கைத்தாங்கலாகப் படியிறக்கி விடுவார். தெரு காலியாகிவிட்டதா என்று பார்ப்பார். பிறகு, குண்டு எந்தப் பக்கம் விழுகிறது என்று காது கொடுப்பார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டாவது குண்டுக்கே படியிறங்கியிருப்பேன். அதனால்தான் அவரைப் பற்றிப் பேச வந்தேன்.

நான் சொல்வது இரண்டாம் உலகப் போர்க்கால மால்டா தீவின் கதை. சிசிலிக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில், மத்தியதரைக் கடலில் கிடக்கும் சிறு நிலம். இத்தாலியிலிருந்து வட ஆப்பிரிக்கப் போர்முனைக்குச் செல்லும் கப்பல்கள் அதைக் கடந்துதான் போகவேண்டும். பிரிட்டன் கையில் இருந்த அந்தத் தீவை நொறுக்கியே தீருவது என்று எதிரி முடிவெடுத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1940 ஜூன் 10 அன்று இத்தாலி போர் அறிவித்தது. மறுநாள் காலை ஏழு மணி ஆவதற்குள் முதல் குண்டுகள் விழுந்துவிட்டன. முற்றுகை 1942 இறுதிவரை நீடித்தது.

அங்கே வீடுகள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. கூரையும் கல் பலகைதான். அதனால் தீ அவ்வளவாகப் பரவாது. ஆனால் இடிந்தால் மொத்தமாக இடியும். காயம்பட்டவரைத் தேடிப் போகிறவருக்கு முதலில் எதிர்ப்படுவது ரத்தமல்ல, தூசி. தலைமுடி, இமை, உடுப்பு என எல்லாம் ஒரே மங்கிய மஞ்சள் நிறமாகிவிட்டால், கிடப்பது கல்லா ஆளா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இடிபாட்டு மீட்பில் மண்வெட்டியைவிடப் பெரிய கருவி அமைதி. எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, கல்லோடு காதை வைத்துக் கேட்க வேண்டும். முனகல் கேட்டால், அந்த இடத்திலிருந்து கைகளால் கல்லைப் பெயர்க்க வேண்டும். அவசரப்பட்டு அடிக்கல்லை இழுத்தால் மேலே இருப்பதெல்லாம் உள்ளே கிடப்பவர் மேல் சரியும். இதைச் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த அலை விமானங்கள் வரும். குனிந்திருப்பவருக்கு ஒதுங்க இடம் கிடையாது. தாமதித்து வெடிக்கும் குண்டு பக்கத்தில் புதைந்திருக்கிறதா என்பதும் தெரியாது. முதலுதவிக்காரர், இடிபாடு அகற்றும் குழுவினர், பாதிரியார், அண்டை வீட்டார் என்று பலரும் ஓடி வருவார்கள். ஆனால் சங்கு ஊதும்போதே வெளியே நிற்கக் கடமைப்பட்டவர் என்பதால், பல நேரம் முதலில் வந்து சேர்பவர் காவலராகவே இருப்பார்.

1941 ஜனவரியில், அடிபட்ட இல்லஸ்ட்ரியஸ் என்ற பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பல் மால்டாவின் பெருந்துறைமுகத்தில் வந்து ஒதுங்கியது. அதை மூழ்கடிக்க ஜெர்மானியர் வந்தார்கள். கப்பல் தப்பிவிட்டது, எதிரே இருந்த ஸெங்லியா, விட்டோரியோசா என்ற ஊர்கள் நொறுங்கின.

காயம்பட்டவரைத் தூக்கும் வேலை முடிந்த பிறகும் காவலருக்கு வேலை இருந்தது. தெர்மாஸ் குண்டு என்று ஒன்று. பார்ப்பதற்குத் தேநீர் ஊற்றி வைக்கும் குடுவை மாதிரியே இருக்கும். விழும்போது வெடிக்காது, அசைத்தால் வெடிக்கும். வயலில் அது கிடந்தால் எந்தக் குழந்தைக்குத்தான் எடுத்துப் பார்க்கத் தோன்றாது? செயலிழக்கச் செய்யும் ராணுவக் குழு வரும்வரை அதன் அருகே யாரையும் விடாமல் ஒருவர் நின்றாக வேண்டும். எனக்கு ஓடிப்போய்க் காப்பாற்றும் வீரத்தைவிட இந்த நின்றுகொண்டே இருக்கும் வீரம் பெரிதாகத் தெரிகிறது. உங்களில் சிலர் மறுக்கலாம்.

1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. தலைநகர் வாலெட்டாவில் ரீஜன்ட் திரையரங்கின் மேல் குண்டு விழுந்தது. படம் பார்க்க வந்த படைவீரர்களும் பொதுமக்களும் மாண்டார்கள். அன்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது கனடாவின் குதிரைப்படைக் காவலர்களைப் பற்றிய படம்.

அந்த ஏப்ரலில் மட்டும் தீவின் மேல் விழுந்தது 6,700 டன் குண்டு. அதற்குள் பசியும் வந்துவிட்டது. மே மாதத்தில் ரொட்டிப் பங்கீடு ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 300 கிராமாகக் குறைந்தது. கல்லைப் புரட்டுகிறவர் வயிறும் அந்த ரொட்டியை நம்பித்தான் இருந்தது.

1942 ஏப்ரல் 15 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர், ஜார்ஜ் சிலுவை என்ற வீர விருதைத் தீவு முழுவதற்குமாக வழங்கினார். செப்டம்பர் 13 அன்று, இடிபாடுகளுக்கு நடுவே வாலெட்டாவின் அரண்மனைச் சதுக்கத்தில் அது ஒப்படைக்கப்பட்டது. இன்றும் மால்டாவின் கொடி மூலையில் அந்தச் சிலுவை இருக்கிறது. தனி ஆளுக்கன்றி ஒரு கூட்டத்துக்கே அது தரப்பட்டது மூன்று முறைதான். மால்டாவுக்குப் பிறகு, 1999-ல் வட அயர்லாந்தின் காவல்படைக்கு. 2021-ல் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவைக்கு.

மால்டா காவல்துறையின் தலைமையகம் இப்போது ஃப்ளோரியானா என்ற ஊரில், ஒரு பழைய கட்டடத்தில் இருக்கிறது. அது முன்பு மருத்துவமனையாக இருந்தது.

நன்றி, வணக்கம்.