1271450425: ஜப்பான் பேஜர்ல எப்படி எழுதினாங்க?

[திரை: கறுப்புப் பின்னணி. பச்சை எழுத்தில் 1271450425]

குரல்: இது போன் நம்பர் இல்ல. "இப்ப எங்க இருக்க?"ன்னு கேக்கிற மெசேஜ். 90-கள்ல ஜப்பான் பள்ளிக்கூடப் பிள்ளைங்க, முக்கியமா பெண் பிள்ளைங்க, டெலிபோன் பூத்ல நின்னு இதைத் தட்டுவாங்க. எதிர்முனையில பேசறதுக்கு ஆள் கிடையாது. போய்ச் சேர்றது ஒரு பேஜருக்கு, அதாவது மெசேஜை வாங்க மட்டுமே தெரிஞ்ச ஒரு சின்னக் கருவிக்கு.

ஜப்பான்ல பேஜரோட பேர் "பொகெபெரு". பாக்கெட் பெல்ங்கிறதோட சுருக்கம். 1968 ஜூலையில டோக்கியோல அரசுத் தொலைபேசி நிறுவனம் ஆரம்பிச்சப்ப அது நிஜமாவே மணி மட்டும்தான். அது அடிச்சதும், வெளியில அலையற விற்பனைக்காரர் ஒரு பொதுத் தொலைபேசியைத் தேடிப்பிடிச்சு ஆபீசுக்குக் கூப்பிடணும். 80-களோட பின்பாதியில எண் காட்டுற திரை வந்துச்சு. எந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடணும்னு காட்டத்தான் அந்தத் திரை. பிள்ளைங்க கைக்குப் போனதும் அதுவே கடிதம் ஆயிடுச்சு.

[திரை: 0840]

ஜப்பானிய மொழியில ஒவ்வொரு எண்ணுக்கும் ரெண்டு மூணு உச்சரிப்பு உண்டு. 0-வை ஆங்கில "ஓ"வா வெச்சுக்கலாம், 8 "ஹா", 4 "யோ". சேர்த்தா "ஒஹாயோ", அதாவது காலை வணக்கம். 3341 "சமிஷீ", தனியா இருக்கு. 724106 "நானி ஷிதேரு", என்ன பண்றே. இதுல 10-ஐ ஆங்கில "டென்" மாதிரி "தென்"னு எடுத்து, "ன்"னை விழுங்கிடணும். ரொம்ப சாமர்த்தியமான வேலைதான். ஆனா எல்லா வார்த்தையையும் இப்படி மடக்க முடியாது.

அப்புறம்தான் கதகனாங்கிற ஜப்பானிய எழுத்தையே காட்டுற பேஜர் வந்துச்சு. அதுக்கு எழுதுற முறையைக் கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

[திரை: பத்து வரி, ஐந்து நிரல் கொண்ட அட்டவணை]

ஒரு எழுத்துக்கு ரெண்டு எண். முதல் எண் வரிசையைச் சொல்லும்: 1 உயிரெழுத்து, 2 க, 3 ச, 4 த, 5 ந, 6 ஹ, 7 ம, 8 ய, 9 ர, 0 வ. ரெண்டாவது எண் உயிர்: 1 அ, 2 இ, 3 உ, 4 எ, 5 ஒ. க, ச, த, ந, ம, ய, ர, வ. நம்ம அரிச்சுவடி மாதிரி இருக்கேன்னு தோணுதா? அந்த "ஹ"வும் பழங்காலத்துல "ப"தான். இது தற்செயல் இல்ல. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத மந்திரங்களுக்காகச் சித்தம் எழுத்தைப் படிச்சாங்க. அந்த இந்திய நெடுங்கணக்கு வழியாதான் ஜப்பானிய எழுத்துக்கும் இந்த வரிசை அமைஞ்சது. உயிர்மெய் அட்டவணை மனசுல இருக்கிறவங்களுக்கு இந்த பேஜர் முறை அரை நாள் பாடம்.

இப்ப "இமா டோகோ". இ 12. மா 71. "டோ"வுக்குத் தனி எண் இல்ல: "தோ" 45 அடிச்சு, ஒலியை அழுத்துற குறிக்கு 04 சேர்க்கணும். கோ 25.

[திரை: *2*2 12 71 45 04 25 ##]

பேஜரோட நம்பரைக் கூப்பிட்டு, அறிவிப்புக் குரல் வந்ததும் ஸ்டார் 2 ஸ்டார் 2. இனி வர்றது எழுத்துன்னு அது சொல்லும். அதை விட்டுட்டா திரையில வெறும் எண்ணா விழும். கடைசியில ரெண்டு ஹேஷ். போன் டோன் அனுப்புற பட்டன் போனா இருக்கணும். சுத்துற டயல் போன்ல இது நடக்காது.

அதிகமா நடக்கிற தப்பு, ஒரே ஒரு எண் விட்டுப்போறது. 71-ல 1 விழலைன்னா, அதுக்குப் பின்னாடி எல்லா ஜோடியும் ஒரு இடம் நகர்ந்துடும்: 12, 74, 50, 42. திரையில "இ, மெ, ஒய், சி". 50-ங்கிறது ஆங்கில Y எழுத்து; 42-ஐ, அதாவது "தி"யை, ஜப்பான்காரங்க "சி"ன்னுதான் சொல்வாங்க. பாதியில திருத்தவும் வழியில்ல. வெச்சுட்டு மறுபடி கூப்பிடணும், இன்னொரு 10 யென். பேரை எழுத மறந்தா யார் அனுப்பினதுன்னும் தெரியாது, ஏன்னா அனுப்பினவர் நம்பர் பேஜருக்கு வர்றதில்ல.

பேஜருக்குள்ள ரிசீவர் மட்டும்தான், டிரான்ஸ்மிட்டர் கிடையாது. அது எங்க இருக்குன்னு நெட்வொர்க்குக்குத் தெரியாது. அதனால ஒரே மெசேஜை அந்தப் பகுதியில இருக்கிற எல்லாக் கோபுரமும் ஒளிபரப்பும். பேஜருக்குத் தகவல் அனுப்ப உலகம் பூரா பரவலா இருந்த போக்சாக்ங்கிற முறையில, தகவல் எட்டுப் பிரிவு கொண்ட தொகுதிகளா வரும். பேஜரோட முகவரி எண்ணை இரும எண்ணா எழுதினா, கடைசி மூணு இலக்கம் எந்தப் பிரிவுன்னு சொல்லிடும். தன் பிரிவுல மட்டும் விழிச்சுப் பார்த்துட்டு மத்த நேரம் தூங்கும். ஒரு சின்ன பேட்டரி வாரக்கணக்குல ஓடினதுக்கு அதுதான் காரணம். சுரங்க ரயில்ல சிக்னல் இல்லாத இடத்துல இருந்தீங்கன்னா மெசேஜ் போச்சு. வந்து சேரலைன்னு அனுப்பினவருக்கும் தெரியாது.

1996-ல ஜப்பான்ல ஒரு கோடிக்கும் மேல சந்தாதாரர்கள். அதுதான் உச்சம். ஆனா அதுக்கு முந்தின வருஷம் ஜூலையிலேயே பிஎச்எஸ்ங்கிற மலிவு விலைக் கைபேசி சந்தைக்கு வந்தாச்சு. பதில் அனுப்ப பூத் தேட வேண்டாம்னதும் பிள்ளைங்கதான் முதல்ல மாறினாங்க. பழகின விரல் மட்டும் மாறலை: ரெண்டு எண்ணுக்கு ஒரு எழுத்துங்கிற முறையைப் பல செல்போன்கள் தனி விசைப்பலகை முறையா கூடவே வெச்சிருந்துச்சு.

என்டிடி டொகொமோங்கிற தொலைபேசி நிறுவனம் 2007 மார்ச் 31-ல பேஜர் சேவையை மூடினாங்க. டோக்கியோ டெலிமெசேஜ்ங்கிற இன்னொரு நிறுவனம் 2019 செப்டம்பர் 30 வரைக்கும் நடத்தினாங்க. கடைசியில இருந்தது சுமார் 1,500 பேர். மூடறதுக்கு முந்தின நாள் டோக்கியோல அகிஹபாரா ஸ்டேஷன் பக்கத்துல பேஜருக்கு அஞ்சலிப் பந்தல் போட்டு, ஜனங்க பூ வெச்சுட்டுப் போனாங்க.

[திரை: வீட்டு அலமாரியில் ஒரு சிறிய ஒலிபெருக்கிப் பெட்டி]

சேவைதான் போச்சு, அலைவரிசை போகலை. கட்டடத்துக்குள்ள நல்லா ஊடுருவற அதே 280 மெகாஹெர்ட்ஸ்ல இப்ப உள்ளாட்சிகள் பேரிடர் எச்சரிக்கை அனுப்புறாங்க. அனுப்புறது எழுத்துதான்; வீட்டுல இருக்கிற பெட்டி அதை வாசிச்சுச் சொல்லும்.