போலோஞாவுக்குப் போனா மொதல்ல தட்டைப் பாருங்க

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்னாடி உக்காந்திருக்கற எல்லாருக்கும் வணக்கம். இத்தாலில ஒரு ஊருக்குப் போய்ட்டு வந்தா மனசுல நிக்கிறது சாப்பாடா, சுத்திப் பாத்த இடங்களான்னு தலைப்பு. சாப்பாடுதான்னு பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி அக்கா போலோஞாவ எடுத்துக்கிட்டாங்க, அழகா பேசினாங்க. 62 கிலோமீட்டர் நீளத்துக்கு தூண் வச்ச நடைபாதை, அதுக்கு 2021ல யுனெஸ்கோ அங்கீகாரம், 1088லயே ஆரம்பிச்ச பல்கலைக்கழகம், ரெண்டு கோபுரம், எல்லாம் சொல்லிட்டு, "கோபுரம் 900 வருஷமா நிக்குது, நீங்க சாப்பிட்ட தட்டு பத்து நிமிஷத்துல காலி"ன்னு முடிச்சாங்க, நீங்களும் கை தட்டினீங்க. நான் வேற ஊருக்கு ஓடல, அதே போலோஞாலயே நின்னு பதில் சொல்றேன், ஏன்னா நானும் என் மனைவியும் அந்த ஊர்ல நாலு நாள் இருந்தோம்.

அக்கா சொன்ன ரெண்டு கோபுரத்துல பெருசு அசினெல்லி, 97 மீட்டர், உள்ள 498 படி. சின்னது கரிசெந்தா, அது சாஞ்சு சாஞ்சு நிலைமை மோசமாயி 2023 அக்டோபர்ல அந்த இடத்தையே தடுத்து வேலி போட்டாங்க, பக்கத்துல இருக்கற பெரிய கோபுரத்துக்கும் ஆள் ஏற விடல. நாங்க போனப்போ வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு அண்ணாந்து பாத்தோம், போட்டோ எடுத்தோம், அவ்வளவுதான் நடுவர் அவர்களே. அதே போட்டோவ இங்க இருந்தே போன்ல பாத்துக்கலாம். ஆனா அங்கேருந்து ரெண்டு நிமிஷம் நடந்தா க்வாத்ரிலாதெரோன்னு பழைய மார்க்கெட் சந்துங்க இருக்கு, அங்க வர்ற வாசனைய எந்த போன்ல பாப்பீங்க?

அந்த சந்துல ஒரு பாஸ்தா கடை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறுபது வயசு தாண்டின ஒரு அம்மா. இவங்கள ஸ்ஃபோலீனான்னு சொல்றாங்க, மாவு விரிக்கிறதே தொழில். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணி கிடையாது. கை நீளத்துக்கு ஒரு உருட்டுக்கட்டை வச்சு விரிக்கிறாங்க விரிக்கிறாங்க, பலகை ஓரத்துல துணி மாதிரி தொங்குது அந்த மாவு. அப்புறம் சின்னச் சின்ன சதுரமா வெட்டி, நடுவுல ஒரு கொண்டைக்கடலை அளவுக்குப் பூரணம், பன்றி இறைச்சி, மோர்தடெல்லாங்கற அந்த ஊர் பன்றிக்கறி சாசேஜ், பார்மிஜானோ சீஸ், ஜாதிக்காய் எல்லாம் சேந்தது, முக்கோணமா மடிச்சு விரல்ல சுத்தி ரெண்டு முனையையும் ஒரு அழுத்து, ஒரு தொர்தெல்லினி ரெடி. ஒண்ணு பண்ண மூணு நாலு செகண்ட்தான். என் மனைவி அங்கேயே நின்னுட்டா, வா போலாம்னு ரெண்டு தடவ கூப்பிட்டேன், வரல, நானும் அரை மணி நேரம் நின்னேன். இது காட்சி இல்லையா? அக்கா சொன்ன கோபுரத்த 900 வருஷத்துக்கு முன்னாடி கட்டி முடிச்சுட்டாங்க. இந்த அம்மா தினம் காலைல மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கிறாங்க. அவங்க கை நின்னா மறுநாள் அந்த ஊரோட ஒரு பகுதி இல்ல.

"இத்தாலி சாப்பாடு எங்கேயும் கிடைக்கும், அதுக்கு எதுக்கு டிக்கெட்"னு எதிரணி தம்பி கேட்டார். தம்பி, போலோஞா பேர வச்சு ஸ்பகெட்டி போலோனீஸ்னு உலகம் பூரா விக்கிறாங்களே, அந்த ஊர்க்காரங்களுக்கு அது அவங்க சாப்பாடே இல்ல. அங்க ராகூங்கற கறிக்குழம்ப முட்டை போட்ட, பட்டையா நாடா மாதிரி இருக்கற தாலியாத்தெல்லேங்கற பாஸ்தாலதான் பிரட்டுவாங்க, அந்தச் சொரசொரப்புலதான் குழம்பு ஒட்டும். மாட்டுக்கறி, கேரட், செலரி, வெங்காயம், தக்காளி கொஞ்சம்தான், வைன், பால், சின்ன தீல மணிக்கணக்கா வேகணும். இந்த செய்முறைய 1982ல அந்த ஊர் வணிக சபைல முறைப்படி பதிவே பண்ணி வச்சிருக்காங்க.

இப்போ நான் சொல்லப்போறத எதிரணி நல்லா கேக்கணும். அதே வணிக சபைல 1972ல தங்கத்துல செஞ்ச ஒரு தாலியாத்தெல்லே துண்ட வச்சாங்க, வெந்தப்புறம் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்கணும்ங்கறதுக்கு அளவு அது. அந்த 8 மில்லிமீட்டர எதோட ஒப்பிட்டுச் சொன்னாங்க தெரியுமா? அசினெல்லி கோபுரத்தோட உயரத்துல 12,270ல ஒரு பங்குன்னு! அக்கா, நீங்க பெருமையா சொன்ன கோபுரத்த அந்த ஊர்க்காரங்க பாஸ்தாவுக்கு அளவுகோலா வச்சிருக்காங்க. எது பெருசுன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க நடுவர் அவர்களே, நாம என்ன பேச இருக்கு.

சரி, மோசமான சாப்பாடும் உண்டு, மறைக்கல. மொத நாள் பெரிய சதுக்கம் பக்கத்துல, வ்யூ நல்லா இருக்குன்னு போட்டோ மெனு வச்ச ஒரு கடைல உக்காந்தோம், லசான்யாங்கற அடுக்கு பாஸ்தா நடுவுல சில்லுனு இருந்துச்சு, மேசைக்குன்னு தனி சார்ஜ் வேற. காட்சிய நம்பி உக்காந்த ஒரே சாப்பாடு அதுதான், அதுவும் எதிரணி கணக்குலதான் வரும். மறுநாள் மார்க்கெட்ல மோர்தடெல்லாவும் ரொட்டியும் வாங்கிக்கிட்டு ஆஸ்தெரியா தெல் சோலேங்கற பழைய வைன் கடைக்குப் போனோம், அங்க குடிக்க மட்டும்தான் விப்பாங்க, சாப்பாட்ட நாமதான் கொண்டு போகணும். நீள பெஞ்சு, பக்கத்துல உக்காந்திருந்த தாத்தா எங்க பொட்டலத்த எட்டிப் பாத்துட்டு தன் சீஸ்ல பாதிய வெட்டி எங்க பக்கம் தள்ளினார். அவர் பாஷை எங்களுக்குத் தெரியாது, எங்க பாஷை அவருக்குத் தெரியாது. எந்த மியூசியத்துல நடுவர் அவர்களே இது நடக்கும்?

சைவம் சாப்பிடறவங்க என்ன பண்றதுன்னு கேட்டீங்க, நியாயமான கேள்வி. ரிக்கோத்தா சீஸ் வச்ச தொர்தெல்லோனி இருக்கு, தொர்தெல்லினிக்கு அக்கா மாதிரி, கொஞ்சம் பெருசு. ஆனா பார்மிஜானோவ உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற பொருள் சேரும், கட்டாயம் சைவம்னா ஆர்டர் பண்ணும்போதே கேட்டுக்கணும்.

கடைசியா சான் லூக்கா. அக்கா அத விடல, நானும் விடல. மலை மேல மாதா கோயில், போற வழி பூரா தூண் வச்ச நடைபாதை, அதுல 666 தோரண வளைவு, கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். நாங்களும் ஏறினோம், அருமையான இடம், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஊர்ல ஒரு பேச்சு வழக்கு இருக்கு, மாவ விரிச்சுத் தூக்கிப் புடிச்சா அது வழியா சான் லூக்கா தெரியணும், அவ்வளவு மெலிசா இருக்கணும்னு. மலைலேருந்து எறங்கி வந்து கால் வலியோட ஒரு சின்ன கடைல உக்காந்தோம், ஆவி பறக்கற சூப்ல தொர்தெல்லினி மெதந்து வந்துச்சு, ஒண்ண ஸ்பூன்ல எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன், உள்ள இருக்கற பூரணம் நெழலாத் தெரிஞ்சுது. சான் லூக்காவ நான் ரெண்டாவது தடவ பாத்தது அங்கதான்.

தீர்ப்ப எங்க அணிக்கே குடுக்கணும்னு கேட்டுக்கறேன். நன்றி, வணக்கம்.