காய்ச்சல் விட்டதும் படம் முடிஞ்சுது!

(‘மாற்று மருத்துவம் பற்றிய ஆவணப்படங்கள் மக்களுக்குத் தருவது தெளிவா, குழப்பமா?’ என்ற தலைப்பில் ‘குழப்பமே’ அணியின் உரை)

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். வணக்கத்தை இதோடு முடித்துக்கொள்கிறேன். கொடுத்திருப்பது எட்டே நிமிடம். அதில் பாதி எதிரணி அம்மையாருக்கே போய்விடும்.

அதற்கு முன்னால் நம் சிங்கப்பூர் ஈசூனில் ஒரு நாலறை வீட்டுக்குப் போய்விட்டு வருவோம். வீட்டில் ஒரு மாமா, ஒரு அத்தை. மாமாவுக்கு வயது 65, பத்து வருடச் சர்க்கரை. பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மாத்திரை இரண்டு: மெட்ஃபார்மின், கிளிபிசைடு. ஞாயிற்றுக்கிழமை மாமா சோபாவில் சாய்ந்துகொண்டு ‘ஃபேட், சிக் அண்ட் நியர்லி டெட்’ என்ற ஆவணப்படத்தைப் பார்க்கிறார். 2010-ல் வந்த படம். ஜோ கிராஸ் என்ற ஆஸ்திரேலியர், எடை 310 பவுண்டு, உடம்பெல்லாம் அரிப்பும் தடிப்பும். 60 நாள் காய், பழச் சாறு மட்டும் குடித்துக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றுகிறார். எடை இறங்குது, முகம் தெளியுது, மாத்திரை குறையுது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“கிளம்பு, முஸ்தபா கடைக்குப் போகணும்.”

“இந்நேரத்துக்கா? என்ன வாங்க?”

“ஜூஸர்!”

மறுநாள் தேக்கா மார்க்கெட். இரண்டு கிலோ பாகற்காய், ஐந்து கட்டு கீரை. “இனிமே காலையில, மத்தியானம், ராத்திரி எனக்கு இதுதான்” என்கிறார் மாமா. அத்தை கண் கலங்கிவிட்டது. அக்கறையில் இல்லைங்க. “அப்ப 60 நாளைக்கு எனக்கு அடுப்படியில லீவா?”

மாமா சும்மா இருப்பாரா? பச்சைப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கீழே கோப்பிக்கடைக்குப் போகிறார். சுற்றிலும் நுரை பொங்கும் தே தாரே டீ. கூட்டாளி கேட்கிறார்: “என்னப்பா இது, புளோக்குக்குப் பெயின்ட் அடிக்கப் போறியா?”

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி. கை நடுங்குது, சட்டை நனையுது, நாக்கு குழறுது. மாமாவுக்கு ஒரே சந்தோஷம். “படத்துல சொன்னான்டி, முதல் சில நாள் இப்படித்தான் இருக்குமாம். நச்சு வெளியேறுது!” அத்தை சொன்னார்: “நச்சு வெளியேறல, நீங்கதான் வெளியேறப் போறீங்க!”

விரலில் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 2.9 மில்லிமோல். நான்குக்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை. ஏன் இறங்கியது? மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரும்பாலும் இந்த அளவுக்கு இறங்காது. கிளிபிசைடு அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது கேட்காது, கணையத்தைப் பிடித்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சோறும் இல்லை, போதாக்குறைக்குப் பாகற்காய்ச் சாறு. அத்தை மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரை கிளாஸ் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார், 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தார், 4.6 வந்ததும் இரண்டு துண்டு ரொட்டியும் கொடுத்தார். அந்த ரொட்டி முக்கியம். மாத்திரையின் வேகம் அடங்கியிருக்காது, மறுபடி இறங்கும். மயங்கியே விழுந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். ஆம்புலன்சுக்கு 995-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

இப்போது இதே காட்சியை ஓர் ஆவணப்படக்காரர் எடுத்தால் எப்படி இருக்கும்? மாமாவின் நெற்றியில் ஒரு துளி வியர்வை, மெதுவாக, மிக மெதுவாக உருளும். பின்னால் வயலின். கம்பீரமான ஒரு குரல்: “இவர் உடல், பழைய வாழ்க்கையை உதறிக்கொண்டிருக்கிறது...” அத்தை? அத்தை அந்தப் படத்திலேயே இருக்க மாட்டார். சர்க்கரை டப்பாவோடு வந்த அன்றே கத்தரித்திருப்பார்கள்!

ஜோ கிராஸ் மருத்துவர் கண்காணிப்பில்தான் சாறு குடித்தார். அதைப் படமும் மறைக்கவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது ஸ்டீராய்டு மாத்திரை, அதைப் படிப்படியாகத்தான் குறைக்க முடியும், சட்டென்று விட்டால் ஆளையே சாய்த்துவிடும். எல்லாம் சரி. ஆனால் அந்த மருத்துவர் திரையில் வந்தபோது நம் மாமா முறுக்கு எடுக்க எழுந்து போயிருந்தார்!

இனி அம்மையாருக்கு வருகிறேன். என்ன சொன்னார்? “ஆவணப்படத்தைக் குறை சொல்லும் இந்த அணி வீட்டில் நிலவேம்புக் கஷாயம் குடித்துவிட்டு வந்திருக்கிறது. வாடை மைக் வரைக்கும் அடிக்கிறது. இவர்களுக்கு அறிவியல் கசக்கத்தான் செய்யும்” என்றார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். ஆனால் அம்மா, தெரியாத்தனமாகக் கஷாயத்தில் கை வைத்துவிட்டீர்கள்.

நிலவேம்புக் குடிநீரில் எத்தனை சரக்கு என்று அம்மையார் சொல்லட்டும், நான் இப்போதே இறங்கிவிடுகிறேன். ஒன்பது! நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். கரகரப்பாக இடித்த பொடி 5 கிராம், தண்ணீர் 200 மில்லி, சிறுதீயில் 50 மில்லியாக வற்றவேண்டும். இங்கே பாதிப் பேர் வாங்குவது வெறும் நிலவேம்பு இலைப்பொடி. அது குடிநீரே இல்லை. மாவு மாதிரி அரைத்திருப்பதால் வடிகட்டியிலும் நிற்காது, அடியில் வண்டல். அதையும் கலக்கிக் குடித்துவிட்டு வாந்தி எடுத்து, “சித்த மருத்துவமே பொய்” என்பார்கள்.

2012-ல் தமிழ்நாட்டில் டெங்கி பரவியபோது அரசே இதை ஊர் ஊராகக் கொடுத்தது. இதை வைத்துப் படம் எடுத்தால் இரண்டே விதம். ஒன்று, அதிகாலை வெயிலில் ஒரு பாட்டி இலை பறிப்பார், புல்லாங்குழல் கேட்கும். இல்லையென்றால் வெள்ளைக் கோட்டு போட்டவர் உதட்டைப் பிதுக்குவார். குழலோசைப் படமும் பொய், உதட்டுப்பிதுக்கல் படமும் பொய். குழலோசைப் படம் எங்கே முடியும் தெரியுமா? காய்ச்சல் அளக்கும் கருவியில் 37. பாட்டி சிரிப்பார். சுபம்!

டெங்கியில் ஆபத்து தொடங்குவதே அங்கேதான், நடுவர் அவர்களே! 2020-ல் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது, இந்த அரங்கத்திலேயே பட்டவர்கள் இருப்பீர்கள். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். அந்தச் சமயத்தில்தான் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். தாங்க முடியாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்திருக்க முடியாத அசதி. இதில் ஒன்று வந்தாலும் கஷாயத்தை மூடி வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடலாம். ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். இதையெல்லாம் எந்தப் பாட்டி சொன்னார், எந்தப் புல்லாங்குழல் சொன்னது?

“நாங்கள் பார்ப்பது இருபக்கமும் பேசும் படம்” என்றும் அம்மையார் சொன்னார். 2020-ல் நெட்பிளிக்ஸில் ‘அன்வெல்’ என்று ஆறு பகுதி வந்தது: நறுமண எண்ணெய், உண்ணாநோன்பு, தேனீக் கொட்டு... நம்புகிறவர் ஒருவர், மறுக்கிறவர் ஒருவர், முடிவு உங்கள் கையில். ஸ்பெயினில் 55 வயதுப் பெண் ஒருவர் நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் தேனீக் கொட்டு வைத்தியம் செய்துகொண்டார், ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் அதே கொட்டு, ஒவ்வாமை அதிர்ச்சி, சில வாரங்களில் இறந்துபோனார். 2018-ல் மருத்துவ இதழில் வந்தது. இரண்டு அணிக்கும் சம நேரம் கொடுப்பது பட்டிமன்றத்துக்கு அழகு. தேனீ விஷத்துக்கும் அதே நேரமா?

பாரம்பரியத்திலிருந்து உண்மையிலேயே மருந்து வந்த கதை ஒன்று உண்டு. சீனாவின் து யூயூ, மலேரியாவுக்குப் பழைய ஏட்டில் இருந்த மூலிகையை எடுத்தார். கொதிக்க வைத்தால் சத்து போய்விடுகிறது என்று ஈதர் என்ற கரைப்பானில் குறைந்த சூட்டில் பிரித்தார், 1971-ல் 191-வது மாதிரி வேலை செய்தது, 2015-ல் நோபல். இதில் வயலினுக்கு எங்கே இடம்? குடுவையும் கணக்கும்தான். எவன் பார்ப்பான்?

சரி, அறிவியல் பக்கத்துப் படமாவது யோக்கியமா? 2004-ல் ‘சூப்பர் சைஸ் மீ’. 30 நாள் பர்கர் சாப்பிட்டவரின் கல்லீரலைப் பார்த்து மருத்துவரே அதிர்ந்துபோகிறார். நாமும் அதிர்ந்தோம். 2017-ல் அந்த மனிதரே எழுதினார், 13 வயதிலிருந்து குடிப்பழக்கம் என்று. பர்கரா, பாட்டிலா? இன்றுவரை பிரித்துச் சொல்ல வழியில்லை.

கல்லீரல் என்றதும், 2002-ல் இங்கே இருந்தவர்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். ‘ஸ்லிம் 10’ மாத்திரை. மெலிய வைக்கும் என்று விற்றார்கள். உள்ளே இருந்தது ஃபென்ஃபுளூரமின் வகை ரசாயனம், கூடவே தைராய்டுச் சத்து. நடிகை ஆண்ட்ரியா டி குரூஸுக்குக் கல்லீரல் செயலிழந்தது. அவரைக் காதலித்த நடிகர் பியர் பிங், தன் கல்லீரலில் பாதியைக் கொடுத்தார். பிறகு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். இதைப் படமாக எடுத்தால் காதலைத்தான் எடுப்பார்கள், நானும் அழுதுகொண்டே பார்ப்பேன். அதே மாத்திரையைச் சாப்பிட்ட இன்னொரு பெண்மணி பிழைக்கவில்லை. அவருக்கும் ஒரு வீடு இருந்தது, காத்திருந்தவர்கள் இருந்தார்கள். அந்த வீட்டில் யார் கேமரா வைப்பார்கள்?

தர்க்கம் போதும், நடுவர் அவர்களே, மணி அடித்தது காதில் விழுந்தது. அவையோரிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். அடுத்தமுறை அப்பா அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப் போகும்போது, அவர்கள் அலமாரியில் இருப்பதையெல்லாம் ஒரு பையில் போடுங்கள். ஊரிலிருந்து வந்த லேகியம், பேர் ஒட்டாத சூரணம், பேரன் இணையத்தில் வாங்கிய மாத்திரை, ஒன்றையும் விடாதீர்கள். மருந்தாளரிடம் கொடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். டாக்டர் திட்டுவார் என்ற பயத்தில்தான் அவர் இத்தனை நாளும் சொல்லாமல் இருந்தார். நீங்களும் திட்டிவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.