இந்தியன் ஓப்பன்: பை தூக்கினவங்க தூக்கின கோப்பை

வணக்கம் மக்களே! கோல்ஃப்னாலே "அட, அது பணக்காரங்க ஆட்டம்ப்பா"ன்னு ஒதுக்கிடுவோம். கிளப் மெம்பர்ஷிப் விவகாரத்தைப் பாத்தா அதுல தப்பும் இல்ல. ஆனா நம்ம நாட்டுப் போட்டி இந்தியன் ஓப்பனை யார் யார் ஜெயிச்சிருக்காங்கன்னு பாத்தா, கதை வேற.

1964ல டெல்லி கோல்ஃப் கிளப்ல ஆரம்பிச்சது. முதல் கோப்பை ஆஸ்திரேலியாக்காரர் பீட்டர் தாம்சனுக்கு. பிரிட்டிஷ் ஓப்பனையே அப்போ நாலு தடவை ஜெயிச்சிருந்த ஆளு, கேக்கணுமா! அடுத்த வருஷம் கல்கத்தால நம்ம பி.ஜி. சேத்தி ஜெயிச்சாரு. அவர் அமெச்சூர், அதாவது காசுக்கு ஆடாதவர், அதனால பரிசுப் பணத்தைத் தொடக்கூடாது. சரி, இனிமே நம்மாளுங்க ராஜ்யம்தான்னு பாத்தா, அடுத்த இந்தியர் ஜெயிக்க 26 வருஷம் ஆச்சுங்க.

1991, அலி ஷேர். டெல்லி கிளப்ல கேடியா இருந்தவர். கேடின்னா மெம்பரோட மட்டைப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு 18 குழியும் கூடவே நடக்கணும். குழி எவ்ளோ தூரம், புல்தரை எந்தப் பக்கம் சரியுது, எல்லாம் அத்துப்படியா இருக்கணும். அந்த டெல்லி கோர்ஸ், அதாவது ஆடுற மைதானம் இருக்கே, பழைய காலத்துக் கல்லறை மண்டபங்களுக்கு நடுவுல ஓடுது. பாதை குறுகல், ரெண்டு பக்கமும் முள்ளுப் புதர். தூரமா அடிக்கிற மட்டையான டிரைவரை எடுத்து வீசுனீங்கன்னா பந்தை மறந்துட வேண்டியதுதான். அந்த இடத்தை நடந்து நடந்தே படிச்சவர் ஜெயிச்சாரு. 1993ல மறுபடியும்!

2009ல பெங்களூரு முனியப்பா. அவரும் கேடிதான்.

எனக்குப் பிடிச்சவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. அப்பா ராயல் கல்கத்தா கிளப்ல புல்தரையைப் பராமரிச்சவர். பையன் அங்கேயே பாத்துப் பாத்து, தானா கத்துக்கிட்டான். தூரமா அடிக்க மாட்டாரு. குழிக்குப் பக்கத்துல வந்துட்டா ஆளு எமன். இந்தியன் ஓப்பன்ல நாலு தடவை ரெண்டாவது இடம், பாவம். அதுலயும் 2015 கொடுமை. கோல்ஃப்ல கம்மி ஷாட் அடிக்கிறவர்தான் ஜெயிப்பாரு. கடைசி நாள் காலையில இன்னொரு இந்தியர் அனிர்பன் லாஹிரி இவரைவிட ஏழு ஷாட் பின்னாடி. சாயங்காலம் ரெண்டு பேரும் சமமாகி, பிளேஆஃப்ல கோப்பையை லாஹிரி கொண்டு போயிட்டாரு! நானா இருந்தா மட்டையைக் கிணத்துல போட்டிருப்பேன். இவர் 2016ல வந்து ஜெயிச்சாரு, ரெண்டாவது இடத்தைப் பங்கு போட்டவங்கள்ல லாஹிரியும் ஒருத்தர். 2017ல திரும்பவும், இந்தத் தடவை ஏழு ஷாட் வித்தியாசத்துல.

அந்த 2017ல போட்டி டெல்லி கிளப்லேர்ந்து குருகிராமுக்குப் போச்சு. பழைய சாம்பியன் கேரி பிளேயர் வடிவமைச்ச கோர்ஸ், பயங்கரமான பள்ளமும் மேடும். 2019ல ஸ்காட்லாந்துக்காரர் ஸ்டீஃபன் கலாகர் கடைசி நாள்ல ஒரே குழிக்கு எட்டு ஷாட் அடிச்சும் கோப்பையை வாங்கினாரு, அப்படி ஒரு இடம். 2018லேர்ந்து 2025 வரைக்கும் நடந்த எல்லாத்துலயும் ஜெயிச்சது வெளிநாட்டுக்காரங்கதான். டெல்லி புதருக்கே திரும்பிப் போனா நம்மாளுங்களுக்குச் சாதகம்னு நான் நினைக்கிறேன். "சௌராசியா குருகிராம்லயும் ஜெயிச்சாரே"ன்னு கேப்பீங்க. அவரை எல்லாம் கணக்குல சேக்காதீங்க. கமெண்ட்ல வாங்க, சண்டை போடலாம்.