பழைய படத்துக்கு ஏற்ற இடம் வீட்டுக் கூடமே

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, பொங்கல் விழாவின் நிறைவு நாளில் அண்ணா நகரின் இந்தக் குடியிருப்பு வளாகத்தில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் என் வணக்கம். பழைய நகைச்சுவைப் படங்களையும் அறிவியல் கற்பனைப் படங்களையும் நிறைவாகச் சுவைக்க ஏற்ற இடம் திரையரங்கமா, வீட்டுக் கூடமா என்பது நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. வீட்டுக் கூடமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், சிரிப்பு என்பது கூட்டத்தில்தான் முழுமை பெறும் என்றும், விண்வெளியைக் காட்டும் படத்தை 43 அங்குலத் திரையில் பார்ப்பது கடலைக் கிண்ணத்தில் பார்ப்பதற்குச் சமம் என்றும் சொல்லி, நிறையக் கைதட்டல் பெற்றார். அவருடைய முதல் கருத்தில் உண்மை இருக்கிறது. அதை நான் மறுக்கப் போவதில்லை. அரங்கம் நிறைந்த கூட்டம் ஒருசேரச் சிரித்ததை நேரில் கேட்டவர்கள் அந்த ஒலியை எளிதில் மறப்பதில்லை. ஆனால் அந்தச் சிரிப்பொலிக்கு அடியில் அடுத்த வசனம் என்ன ஆயிற்று என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

1990ஆம் ஆண்டு வெளிவந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தை நினைத்துப் பாருங்கள். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கி, கிரேசி மோகன் வசனம் எழுதி, கமல்ஹாசன் நான்கு வேடங்களில் நடித்த அந்தப் படத்தில், ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த சிரிப்பு வந்து நிற்கும். சாம்பாரில் மீன் விழுந்துவிடும் காட்சியில் அரங்கமே அதிரும்போது, அந்த அதிர்வுக்கு நடுவே பாலக்காட்டுத் தமிழில் சமையல்காரர் காமேஸ்வரன் சொல்லும் அடுத்த இரண்டு வரிகள் யார் காதில் விழுந்திருக்கும்? எழுதியவர் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு வைத்திருக்கிறார்; பார்ப்பவருக்குப் பாதிதான் போய்ச் சேருகிறது. வீட்டில் அந்தக் குறை இல்லை. சிரித்து முடித்துவிட்டு, பத்து நொடி பின்னால் தள்ளி, விட்டதைக் கேட்டுவிட்டு மேலே போகலாம். வசனத்தால் நிற்கும் நகைச்சுவைக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்த அரங்கமும் செய்ய முடியாது.

வசனத்தை மட்டும் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. ஸ்ரீதர் இயக்கத்தில் 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில், படம் எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பாவாக நாகேஷ், தந்தையாக நடிக்கும் டி.எஸ். பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி இங்குள்ள பெரும்பாலோருக்கு மனப்பாடம். முதல் முறை பார்க்கும் எவருடைய கண்ணும் நாகேஷை விட்டு நகராது. குரலாலும் கையாலும் உடம்பாலும் அவர் ஒரு பேய்ப்படத்தையே நம் கண்முன் நடத்திக் காட்டிவிடுவார். அதே காட்சியை உடனே இன்னொரு முறை ஓடவிட்டு, இந்தத் தடவை நாகேஷைப் பார்க்காமல் பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். அதிகம் பேசாமல், உட்கார்ந்த இடத்திலேயே அந்த மனிதர் மெல்ல மெல்ல அரண்டு போவதும், பெரிய மனிதர் என்ற மிடுக்கு விழியில் தொடங்கி வாய் வரைக்கும் கலைந்து இறங்குவதும் அப்போதுதான் தெரியும். அந்தக் காட்சியில் சரிபாதி பாலையாவுடையது. இதை அறிய இரண்டாவது பார்வை வேண்டும். ஒருமுறை ஓடிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடும் அரங்கத் திரை அந்த இரண்டாவது பார்வையைத் தராது.

ஒரு காலத்தில் தந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அண்ணா சாலையில் சஃபையர் வளாகம் இருந்த காலத்தைக் கண்டவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்ற அந்த மூன்று அரங்குகளில் புளூ டைமண்டில் படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம். ஒரே சீட்டில் ஒரே படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு வந்தவர்கள் சென்னையில் அனேகர். நகைச்சுவைப் படத்துக்கும் அறிவியல் படத்துக்கும் என்ன தேவை என்பதை அந்த அரங்கம் புரிந்துவைத்திருந்தது என்பேன். இன்று அந்த வளாகமே இல்லை. அது கொடுத்த வசதி அடியோடு அழிந்து போகாமல் நம் வீட்டுக் கூடங்களுக்குக் குடிவந்திருக்கிறது.

வீட்டில் பார்ப்பவன் தனியன் என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் அம்மையார் இரக்கத்தோடு பேசினார். அவருக்கு 1975ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறேன். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன்பின் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், தெருவில் எந்த வீட்டில் பெட்டி இருந்ததோ அந்த வீட்டுக் கூடத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் தரையில், பெரியவர்கள் நாற்காலியில், இடம் கிடைக்காதவர்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியில். பிறகு 'டெக்' என்ற வீடியோ கேசட் கருவியை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த காலம் வந்தது. நாகேஷும் தங்கவேலுவும் புகழின் உச்சியில் இருந்தபோது பிறந்தே இராத ஒரு தலைமுறை அவர்களுடைய வசனங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது என்றால், அதற்கு அந்தக் கூடங்களே காரணம். சிரிப்பு கூட்டத்தில்தான் பிறக்கும் என்றே வைத்துக்கொள்வோம். தாத்தாவும் பேத்தியும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்தால் அது கூட்டமாகாதா?

அந்தக் கூட்டத்தில் ஒரு சிறப்பும் உண்டு. ஏ.வி. மெய்யப்பன் தயாரிப்பில் 1941இல் வந்த 'சபாபதி', பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து பிறந்த படம். எசமானரும் சபாபதி, வேலைக்காரரும் சபாபதி, டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் அந்த இரு வேடங்களில் வெளுத்து வாங்கியிருப்பார்கள். ஆனால் அந்தப் பேச்சின் ஓட்டம் இன்றைய பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடாது. வீட்டில் படத்தை நிறுத்திவிட்டு, அந்தக் காலத்து வீடு எப்படி நடந்தது, வேலைக்காரர் ஏன் அப்படி நடத்தப்பட்டார், இன்று அதில் எது சிரிப்புக்கு உரியது, எது வருத்தத்துக்கு உரியது என்று பாட்டி சொல்லிக் கொடுக்கலாம். திரையரங்கில் பாட்டி வாயைத் திறந்தால் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

இனி விண்வெளிக்கு வருகிறேன். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து 1963இல் வெளிவந்த 'கலை அரசி' படத்தை எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. வேற்றுக் கோளிலிருந்து பறக்கும் தட்டில் வந்து, தங்கள் உலகத்தாருக்கு இசை கற்றுக்கொடுப்பதற்காக நம் நாட்டுப் பாடகி ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கடத்தி வரச் சொன்னது பொன்னையும் அல்ல, அணுகுண்டு இரகசியத்தையும் அல்ல, சங்கீதத்தை. இந்தக் கற்பனையின் அழகை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் இங்கே கையிலிருந்த கருவிகளை வைத்துக்கொண்டு ஒரு பறக்கும் தட்டைத் திரையில் இறக்கியிருக்கிறார்கள். இன்றைய கணினி வரைகலைக்குப் பழகிய கூட்டத்தின் முன் அதை அரங்கில் ஓட்டினால், முதல் காட்சியிலேயே கேலி எழும். ஒருவர் தொடங்கினால் நூறு பேர் சேர்ந்துகொள்வார்கள். கூட்டத்துக்கு அந்தக் குணமும் உண்டு என்பதை எதிரணி மறந்துவிட்டது. வீட்டிலோ, இந்தத் தந்திரத்தை எப்படிச் செய்தார்கள் என்று நின்று பார்க்கும் பொறுமை வாய்க்கிறது. பிரான்சின் ஜார்ஜ் மெலியே 1902இல் எடுத்த, நிலாவின் கண்ணில் குண்டு பாயும் அந்தச் சிறு படத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கேமராவை நிறுத்தி, ஆளை அகற்றி, மீண்டும் ஓட்டினால் ஆள் மறைந்துவிடுவான் என்ற அந்த வித்தை, நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போதுதான் பிடிபடும்.

நகைச்சுவையும் அறிவியல் கற்பனையும் ஒன்றாகவே கலந்த படம் ஒன்றைச் சொல்கிறேன். ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கிய 'பேக் டு த ஃபியூச்சர்', 1985. படத்தின் தொடக்கத்தில் சுவர் நிறையக் கடிகாரங்கள் வரும். அவற்றுள் ஒன்றில் ஒரு சின்ன மனித உருவம் முள்ளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். 1923இல் வந்த ஊமைப்படத்தில் கடிகார முள்ளில் தொங்கிய ஹெரால்டு லாயிடின் உருவம் அது. படத்தின் இறுதியில் விஞ்ஞானி கோபுரக் கடிகாரத்தில் அப்படியே தொங்கப் போகிறார் என்பதை முதல் நிமிடங்களிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒன்று. கால இயந்திரமாக மாற்றப்பட்ட கார் முதன்முதலில் ஓடும் வணிக வளாகத்தின் பலகையில், இரட்டைப் பைன் மரங்களின் பெயர் இருக்கும். கதாநாயகன் 1955க்குப் போய், பண்ணையிலிருந்து தப்பி ஓடும் வேகத்தில் ஒரு பைன் கன்றின் மேல் காரை ஏற்றிவிடுகிறான். அவன் திரும்பி வரும்போது அதே பலகையில் ஒற்றைப் பைன் மரத்தின் பெயர் இருக்கிறது. அதைப் பற்றிப் படத்தில் அப்போது யாரும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. அரங்கில் முதல் முறை பார்த்தவர்களுள் எத்தனை பேர் கண்ணில் அது பட்டிருக்கும்? கண்டுபிடித்துப் படத்தை நிறுத்தி, “அப்பா, பலகையைப் பாருங்கள்” என்று பிள்ளை கத்தும் மகிழ்ச்சி வீட்டுக் கூடத்துக்கே உரியது.

அளவைப் பற்றிய வாதத்துக்கும் விடை சொல்லிவிடுகிறேன். பிரிட்ஸ் லாங் எடுத்த 'மெட்ரோபோலிஸ்' என்ற அறிவியல் கற்பனைப் படம் 1927இல் பெர்லினில் வெளியான பின் வெட்டிச் சுருக்கப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் அரங்குகளில் ஓடியது குறைபட்ட படம்தான். 2008இல் ஆர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் கிடைத்த பிரதியைக் கொண்டு சீரமைத்து 2010இல் வெளியிட்டார்கள். அந்தக் காலத்து அரங்குகளில் பெரிய திரைமுன் அமர்ந்தவர்களைவிட, இன்று வீட்டில் சிறிய திரைமுன் அமர்பவர் அந்தப் படத்தை அதிகமாகப் பார்க்கிறார். 1982இல் வந்த 'பிளேட் ரன்னர்' என்ற அறிவியல் கற்பனைப் படமும் அரங்குகளில் எதிர்பார்த்த வசூலைப் பெறவில்லை. வீடியோ கேசட்டில் வீட்டுக்கு வந்து, திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட பிறகே அதன் மதிப்பு ஏறியது.

ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' பெரிய திரைக்கென்றே எடுக்கப்பட்ட படம், அந்த ஒன்றை நான் விட்டுக்கொடுக்கிறேன். ஆனாலும் 1968இல் வந்த அந்தப் படத்தின் உயிர் அதன் அமைதியில் இருக்கிறது. விண்வெளியில் ஒலி இல்லை என்ற உண்மையை மதித்து, மூச்சுக் காற்றின் ஓசையை மட்டும் வைத்துக்கொண்டு நீண்ட காட்சிகளை நடத்துகிறார்கள். பாப்கார்ன் பொட்டலங்களும் கைப்பேசி வெளிச்சமும் நிறைந்த அரங்கில் அந்த அமைதி நிலைக்குமா? நம் வீட்டில், இரவு பதினொன்றுக்கு மேல், தண்ணீர் மோட்டாரின் ஓசையும் ஓய்ந்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் நிலைக்கிறது.

வீட்டுத் திரையில் பழைய படத்தின் முகங்களெல்லாம் உப்பித் தெரிகின்றன என்று எதிரணித் தலைவர் குறைப்பட்டார். அது வீட்டின் குற்றம் அன்று, பெட்டியில் செய்து வைத்திருக்கும் அமைப்பின் குற்றம். பழைய படங்கள் ஏறக்குறைய 4:3 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய பெட்டி 16:9. திரையை நிரப்ப வேண்டும் என்று இழுத்தால் பாலையா அகன்று போவார். வெட்டினால் தலை போய்விடும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இரண்டும் ரிமோட்டில் ஒரு நிமிட வேலை.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், ஆகவே ஒரு கேள்வியோடு அமர்கிறேன். 2012இல் 'கர்ணன்', 2024இல் 'கில்லி' என்று பழைய படங்கள் மறுவெளியீடு காணும்போது மகிழ்கிறோம். ஆனால் அரங்குகள் திரும்பக் கொண்டுவருபவை பெரும்பாலும் பெரிய நட்சத்திரங்களின் படங்களே. அதே 2024இல் அசோக் நகரின் உதயம் திரையரங்கம் மூடப்பட்டதையும் பார்த்தோம். எதிரணியின் அடுத்த பேச்சாளர் மேடைக்கு வந்ததும் முதலில் இதற்கு விடை சொல்லட்டும்: 'சபாபதி'யையும் 'கலை அரசி'யையும் இந்த வாரம் நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால், சென்னையில் எந்தத் திரையரங்குக்கு அழைத்துப் போவது? வணக்கம்.