அது ஊசிப்போன சோறு இல்லை, அண்ணே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் சொல்ல நிறைய இருக்கிறது, நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 1950-இல் நுழைந்து 2001-இல் விடைபெற்ற டோனி பென்னுக்குப் பெருமை சேர்த்தது பெற்ற அமைச்சர் பதவிகளா, துறந்த பிரபு பட்டமா? துறந்த பட்டமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் பதவிகளை வரிசையாக அடுக்கினார். தபால் துறை, தொழில்நுட்பம், தொழில்துறை, எரிசக்தி. எல்லாம் உண்மை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னாரே! "பட்டத்தைத் துறந்தாராம், தியாகமாம்! ஊசிப்போன சோற்றைத் தெருவில் கொட்டிவிட்டு, அன்னதானம் செய்தேன் என்று சொல்லலாமா?" அரங்கமே கைதட்டியது. எனக்கு அந்த இடத்திலேயே நெஞ்சு பொறுக்கவில்லை.

அண்ணே, அந்தச் சோறு எப்படி இலைக்கு வந்தது தெரியுமா? டோனியின் அப்பா 1942-இல் ஸ்டான்ஸ்கேட் பிரபு ஆனார். பரம்பரைப் பட்டம். 1960 நவம்பரில் அப்பா கண்மூடினார். அந்த நொடியே மகன் பிரபு! அந்தக் காலத்தில் பிரபு என்றால், மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் காமன்ஸ் சபையில் உட்காரக்கூடாது, பிரபுக்கள் சபைக்குத்தான் போகணும். ராஜினாமா செய்யலாமே என்பீர்கள். அன்றைய சட்டத்தில் அதற்கு வழியே கிடையாது. இப்படி ஆகும் என்று தெரிந்து, அப்பா உயிரோடு இருந்தபோதே, 1955-இல், தனி மசோதா கொண்டுவரச் செய்து பார்த்தார். நடக்கவில்லை. இலை போடுவதற்கு முன்பே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டவர் அவர்.

பென்னின் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி காலி என்று அறிவித்து 1961 மே மாதம் இடைத்தேர்தல் வைத்தார்கள். அதே பென் மறுபடியும் நின்றார். ஜெயித்தாலும் உள்ளே விடமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், ஓட்டுப் போடுகிறவர்களுக்கும் தெரியும். தெரிந்தே போட்டார்கள். எத்தனை ஓட்டு? 23,275! எதிர்த்து நின்ற மால்கம் செயின்ட் கிளேருக்கு 10,231. வித்தியாசம் 13,044.

ஜெயித்த மனிதர் சபைக்குப் போகிறார். அங்கே வாசற்காவலர் நிற்கிறார். பத்து வருஷம் நுழைந்த அதே வாசல். சபாநாயகர் உத்தரவு, உள்ளே போகக்கூடாது! கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தோற்றவரை வெளியே நிறுத்தினால் சரி. இவர் 13,044 ஓட்டில் ஜெயித்தவர். கதவு சாத்தியது அவர் முகத்தில் இல்லை, அந்த 23,275 பேர் முகத்தில்!

இன்னும் இருக்கிறது, கேளுங்கள். தேர்தல் வழக்கை விசாரித்த நீதிமன்றம் அந்த இடத்தை யாருக்குக் கொடுத்தது? 10,231 வாங்கியவருக்கு! திருப்பிச் சொல்கிறேன்: 23,275 வாங்கியவர் வெளியே, 10,231 வாங்கியவர் உள்ளே. அந்த செயின்ட் கிளேரே இன்னொரு பிரபு பட்டத்துக்கு வாரிசாக இருந்தவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சட்டம் மாறினால் பதவி விலகுவேன் என்று வாக்குக் கொடுத்தார், அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

1963 ஜூலை 31-ஆம் தேதி சட்டம் மாறியது. அன்று மாலையே பட்டத்தைத் துறந்தார் பென். அந்தச் சட்டப்படி துறந்த முதல் ஆள் அவர்தான். ஆகஸ்டில் மறுபடி இடைத்தேர்தல், மறுபடி வெற்றி. ஊசிப்போன சோறு என்றால் அண்ணே, பென் திறந்த அதே வழியில் போட்டிக் கட்சிக்காரரான ஹோம் பிரபு பட்டத்தைத் துறந்து, அந்த வருஷமே பிரதமராக காமன்ஸ் சபைக்குள் நுழைந்தாரே! எதிரிக்கும் கதவு திறந்துவிட்டதை வேறு என்னவென்று சொல்வது?

அண்ணே, அண்ணே என்று உங்களைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு இன்னொரு அண்ணன் ஞாபகம் வருகிறது. அந்தப் பட்டம் டோனிக்கு வரவேண்டியதே இல்லை. அப்பா அதை ஏற்கும்முன் மூத்த மகன் மைக்கேலிடம் கேட்டுக்கொண்டார். பாதிரியாராக நினைத்திருந்த மைக்கேல் சம்மதித்தார். 1944-இல் விமானப்படை வீரரான மைக்கேல் இறந்துபோனார். அப்போது டோனிக்கு வயது 19. அண்ணன் போனதால்தான் பட்டம் தம்பியிடம் வந்தது. அண்ணனுக்குப் பரிமாறிய இலை அது! அதில் உட்கார எந்தத் தம்பிக்கு மனசு வரும்? இதையா ஊசிப்போன சோறு என்றீர்கள்?

நடுவர் அவர்களே, ஒரு நிமிஷம் கொடுங்கள். நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ஒரு சிறு தேவாலயம் உண்டு. அதை ஒட்டி ஒரு துடைப்ப அறை. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவில், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட எமிலி வைல்டிங் டேவிசன் அதற்குள் ஒளிந்திருந்தார். தன் முகவரி காமன்ஸ் சபை என்று பதியவேண்டும் என்பதற்காக. அந்த அறைக் கதவில் பென் ஒரு நினைவுப் பலகை பொருத்தினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தன் கையாலேயே திருகாணி முடுக்கினார். உள்ளே விடாமல் தடுக்கப்பட்டவருக்குத்தானே தெரியும், உள்ளே வரத் துடித்தவளின் வலி!

2001-இல் அவர் விடைபெற்றபோது, இனி எப்போது வேண்டுமானாலும் வந்து போகலாம் என்று அனுமதி கொடுத்தவர் யார் தெரியுமா? சபாநாயகர்! எந்தப் பதவியின் உத்தரவால் 1961-இல் கதவு சாத்தப்பட்டதோ, அதே பதவியில் இருந்தவர்.

2014 மார்ச்சில் பென் இறந்தார். இறுதிச் சடங்குக்கு முந்தின இரவு அவர் உடலை அந்தச் சிறு தேவாலயத்தில்தான் வைத்தார்கள். ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தார். பக்கத்தில், அவர் திருகாணி முடுக்கிய அந்தத் துடைப்ப அறைக் கதவு.